பாதிச் சாப்பாட்டில் எழும்பிய பூனை

போன ஞாயிறு காலை, எங்கள் மாடிப்படியில் கணவாய்க் கறி மணந்தது.

தேங்காய்ப்பால், வறுத்த மிளகாய்த்தூள், கொஞ்சம் பெருஞ்சீரகம், எல்லாவற்றுக்கும் அடியில் கடலின் இருட்டு... கையில் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய பாண் பையோடு மூன்றாம் மாடியில் நின்றுவிட்டேன். முதுகில் யாரோ ஈரக் கையை வைத்தது போல இருந்தது.

கறி மணத்துக்கு ஒரு மனிதன் பயப்படுவானா?

பயந்தேன். இந்தப் படிக்கட்டில் கடைசியாகக் கணவாய்க் கறி மணந்த மாலையை எங்கள் கொழும்பு வெள்ளவத்தைக் கட்டிடத்தில் குடியிருக்கும் ஒருவரும் மறக்கவில்லை. அன்றிலிருந்து மீன்காரர் கணவாய் கொண்டு வந்தாலும் “வேறை என்ன இருக்கு?” என்றுதான் கேட்போம்.

என் வீட்டுக்கு நேர் மேலே, ஐந்தாம் மாடியில், சிவநேசன் அண்ணையும் வசந்தி அக்காவும் இருந்தார்கள். அண்ணை துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் கிளாக். மாலை ரயிலில் வந்து இறங்கி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து ஒழுங்கையால் ஏறி வருவார். லிஃப்டில் ஏறவே மாட்டார். பெட்டிக்குள் போவதற்குக் காலம் இருக்கிறது என்பார். அந்தக் காலம் அவர் நினைத்ததிலும் கெதியாக வந்தது. ஒரு காலை, குளித்து, திருநீறு பூசி, கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை.

கனடாவிலிருந்து மகள் துஷி ஓடி வந்தாள். செத்த வீடு நடந்தது. எட்டாம் நாள் வந்தது.

எட்டாம் நாளுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து, அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்து, விளக்கு ஏற்றி வைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். உள்ளே அவர் வந்து சாப்பிடுவார். கொஞ்ச நேரம் பொறுத்துக் கதவைத் திறப்போம். பிறகுதான் நாங்கள் சாப்பிடுவது.

வசந்தி அக்கா அன்று கணவாய் வைத்தா. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கொலஸ்ட்ரோல் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அண்ணைக்குக் கணவாய் இல்லை. வருசக் கணக்காக இல்லை. அக்கா ஒரு நாள்கூட இளகவில்லை. “உயிரோடை இருந்தாப் பிறகு எல்லாம் சாப்பிடலாம்” என்று சொல்லிச் சொல்லியே மறித்தவ.

இப்போது இலை நிறையப் போட்டா. பக்கத்தில் ஒரு சின்ன டம்ளரில் சாராயமும்.

ஆனால், ஐந்தாம் மாடியில் செத்தவர் எந்தப் பக்கத்தால் உள்ளே வருவார்? வாசல் கதவுக்கு வெளியே கொரிடோர் முழுக்க நாங்கள் அல்லவா நிற்கிறோம்?

“பல்கனிக் கதவைத் திறந்து விடுங்கோ” என்றா அக்கா. “அவர் லிஃப்டிலை வரமாட்டார்.”

யாரோ மெல்லச் சிரித்தார்கள். பல்கனிக் கதவு திறக்கப்பட்டது. கட்டிடத்தின் வெளி விளிம்பில் ஒரு சாம்பல் பூனை வீட்டுக்கு வீடு நடந்து திரிவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கடற்காற்றில் மீன் மணத்தை ஐந்து மாடிக்கும் அனுப்பிவிட்டு, ஆவிக்காகக் காத்து நின்றோம். இப்படி ஒரு பிழையை எங்கள் ஆட்கள் தவிர வேறு யார் விடுவார்கள், சொல்லுங்கள்?

கதவு சாத்தியாயிற்று. கடல் பக்கத்து வெளிச்சம் கொரிடோர்ச் சுவரில் செம்மஞ்சளாகி, செம்பாகி, சாம்பலாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அது கேட்டது.

முதலில் இலை அசையும் சத்தம். பிறகு... ஈரமான, நிதானமான, பல்லில் இழுபடும் சத்தம். கணவாயை மெல்லும் சத்தம்.

கேட்டது எனக்கு மட்டும் இல்லை. பக்கத்தில் நின்றவரின் மூச்சு நின்றதையும் கேட்டேன். கொரிடோரில் நின்ற ஒருவருமே அசையவில்லை. உள்ளே இருந்தது பசித்த வாய் ஒன்று, அவசரமே இல்லாமல்.

வசந்தி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இருக்கிறது. அந்த எட்டு நாளில் அந்த முகத்தில் வராத ஒன்று வந்திருந்தது.

“சாப்பிடுறார்” என்றா.

உள்ளே டம்ளர் விழுந்து உருண்டது. துஷியால் தாங்க முடியவில்லை. “அப்பா” என்று கத்திக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

இலைக்கு மேலே சாம்பல் பூனை. ஒரு கணம் எங்களைப் பார்த்தது, அவ்வளவு பேரையும், விளக்கு வெளிச்சத்தில். பிறகு பல்கனிக் கம்பிக்குப் பாய்ந்தது. கால் வழுக்கியது. கம்பிக்கு அப்பால் ஒன்றுமில்லை.

கீழே, கார் நிறுத்தும் இடத்துத் தகரக் கூரையில், ஒரு சத்தம்.

கொரிடோர் ஒரேயடியாக மூச்சு விட்டது. “சீ, பூனை” என்று ஒருவர். “நான் அப்பவே நினைச்சன்” என்று இன்னொருவர். எல்லாம் முடிந்த பிறகு ‘அப்பவே நினைச்ச’ ஆட்கள் இல்லாத செத்த வீடு உண்டா? சிரிப்புக்கூட வந்தது. பயம் போகும்போது சிரிப்பாகத்தான் போகும்.

அக்கா சிரிக்கவில்லை.

“பாதியிலை எழுப்பிப் போட்டம்” என்றா.

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிவிட்டு ஐந்து மாடிப் படியும் இறங்கினா. நான் பின்னால் ஓடினேன். தகரத்திலிருந்து சரிந்து, நிறுத்தியிருந்த வான் ஒன்றின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது பூனை. மூக்கால் இரத்தம். கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. சத்தமில்லாத அந்த வாய்தான் பிறகு பல நாள் என்னுடைய நித்திரைக்குள் வந்து போனது.

“தம்பி, நில்லாதையும். ஓட்டோ ஒண்டு பிடியும்.”

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. பக்கத்துக் கிளினிக்குகள் பூட்டு. நான் வளர்ந்த கொட்டாஞ்சேனையில் ஒரு மிருக வைத்தியர் வீட்டோடு கிளினிக் வைத்திருப்பது ஞாபகம் வந்தது. இறங்கும்போதே கொடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்த அண்ணையின் சாரத்தில் பூனையைச் சுற்றி, அக்கா மடியில் வைத்திருந்தா. சாவுத் துடக்கு உள்ளவர்கள் பிறர் வீடு வாசலுக்குப் போகக் கூடாது என்று யாரோ மேலேயிருந்து கூப்பிட்டார்கள். அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

டிரைவர் கண்ணாடியால் பார்த்து, “அனே... பவ்” என்று சிங்களத்தில் பரிதாபப்பட்டார். இடது பக்கம் கடல் கறுத்துக்கொண்டே கூட வந்தது.

டொக்டர் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பெண். ஒல்லி. கண்ணாடி. தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது. பூனையை மேசையில் வைத்துத் தொட்டுப் பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார், மூச்சைக் கேட்டார்.

“தாடை நடுவுல பிரிஞ்சிருக்கு. மேலண்ணமும் கிழிஞ்சிருக்கு. முன்கால் முறிவு. நெஞ்சுக்குள்ள அடி. இப்ப ஒண்ணும் வெட்ட மாட்டேன்மா. மொதல்ல மூச்சு நிக்காம இருக்கணும்.”

“தப்புமோ டொக்டர்?”

“பொழைக்கும்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கு ராத்திரி தாண்டுனா நாளைக்குப் பேசலாம்.”

ஒக்சிஜன் பெட்டிக்குள் வைத்தார். கண்ணாடிக்குள் அது எங்களைப் பார்த்தது. பூனைப் பார்வை என்றுதான் எழுத வேண்டும். வேறு என்ன எழுத?

“எந்தக் கால்?” என்று அக்கா கேட்டா.

“இடதும்மா.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தேன்.

“வீட்டுப் பூனையா? பேர் என்ன?”

“பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை” என்றா அக்கா. அண்ணையை அவ ‘இஞ்சாருங்கோ’ என்றுதான் கூப்பிடுவா.

டொக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பொம்பளப் பூனைம்மா இது” என்றார். ஒரு தகவலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல். இதோடு இந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஓட்டோவுக்கு வரும் வழியில் அக்கா மெல்லச் சொன்னா: “அதுக்கென்ன தம்பி. அவர் கிடைச்ச பஸ்சிலை வாற ஆள்தானே.”

இரவு தாண்டியது. அடுத்தடுத்த நாள்களில் தாடையைக் கம்பி போட்டுச் சேர்த்தார்கள். காலுக்குக் கட்டு. கழுத்தில் ஒரு சின்னத் துளை போட்டு, உணவுக்குழாய்க்குள் ஒரு டியூப். அதன் வழியாக, கரைத்த சாப்பாட்டைச் சிரிஞ்சால் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கூட்டோடு வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் தெளிவாகச் சொன்னார்.

“டியூப் உசிரைப் பிடிச்சு வைக்கும். அவ்வளவுதான். அதுவா வாயால சாப்பிட ஆரம்பிக்கணும். சாப்பிடலைன்னா, எவ்வளவு நாளைக்கு இப்படியே ஓட்டுறது?”

அது சாப்பிடவில்லை.

கோழி அவித்து வைத்தார்கள். மீன் வைத்தார்கள். ரின்னில் வரும் பூனைச் சாப்பாடு வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முகத்தைத் திருப்பியது. கூட்டைச் சுற்றி அக்கா, துஷி, ஆறுதல் சொல்ல வரும் சனம், நான்... எல்லோரும் குனிந்து குனிந்து பார்ப்போம். அது எங்களைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

அண்ணை படுத்த அறையில்தான் கூடு. மாலை ரயில் கடற்கரையால் போகும்போது பூனை எழும்பி இருக்கும். காது மட்டும் வாசல் பக்கம் திரும்பும். ரயில் தினமும் போகிறது, பூனைக்குக் காது இருக்கிறது. இதில் என்ன? ஒன்றுமில்லை. நான் மட்டும் அந்த நேரத்தில் மேலே போவதை நிறுத்திவிட்டேன்.

துஷி எரிந்து விழுந்தாள். “அம்மா, உது பூனை. வெறும் பூனை. நீங்கள் உதுக்கு முன்னாலை இருந்து அழுறதைப் பாக்கேலாமல் கிடக்கு.”

“நான் அழேல்லை. காத்திருக்கிறன்.”

“எதுக்கு?”

“அந்தியேட்டிக்கு முதல் அவர் ஒரு வாய் தானாச் சாப்பிட வேணும்.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றோடு செத்தவருக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கயிறு அறும். போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுவார். அக்காவின் பயம் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. வருசக் கணக்காக மறித்த கறி. கடைசியில் தானே அள்ளிப் போட்ட கறி. அதிலும் பாதியில் எழுப்பியாயிற்று. இனி பசியோடு அனுப்புவதா?

“அவரைப் பட்டினியா அனுப்ப ஏலாது தம்பி” என்றா. “பிறகு நான் எந்தக் கையாலை சாப்பிடுறது?”

நம்பிக்கைக்கும் நம்பாமைக்கும் நடுவே ஒரு கொரிடோர் இருக்கிறது. எங்களில் அனேகம் பேர் அங்கேதான் குடியிருக்கிறோம். வாடகை இரண்டு பக்கத்துக்கும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், பூனைக்கு டியூப்பால் சாப்பாடு ஏற்றியது துஷிதான். அக்காவுக்குச் சிரிஞ்ச் பிடிபடவில்லை. ஒரு நாள் படியில் என்னைக் கண்டவள், இறங்கிப் போகாமல் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

“அங்கிள், அப்பாக்குச் சோறு போடேக்கை, காணுமெண்டா எப்பிடிச் சொல்லுவார் தெரியுமோ?”

தெரியும். அந்த வீட்டில் சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும். போதும் என்று வாயால் சொல்லமாட்டார். போடுகிறவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

“இண்டைக்கு நான் சிரிஞ்சாலை ஏத்திக்கொண்டிருக்க... அது கட்டுப் போடாத கையைத் தூக்கி என்ரை மணிக்கட்டிலை வைச்சது. நகம் வெளியிலை இல்லை. சும்மா வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தது.”

“பூனையள் அப்பிடிச் செய்யும் பிள்ளை.”

“ஓம்” என்றாள். “அம்மாக்குச் சொல்லாதேங்கோ.”

அந்தியேட்டிக்கு முதல் நாள், கட்டு மாற்றக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். பூனை இன்னும் ஒரு வாய் தொடவில்லை. டொக்டர் தாடையைப் பார்த்தார். திருப்தி. மூக்கைப் பார்த்தார்.

“மூக்கு அடைப்பு இப்பதான் விட்டிருக்கு. மணம் தெரியாம பூனை சாப்பிடாது. சாப்பாட்டைச் சூடு பண்ணி வைக்கிறீங்களா?”

“ஓம்.”

“வச்சுட்டு?”

“பாத்துக்கொண்டு இருக்கிறம்.”

“யாரு?”

“எல்லாரும்தான்.”

டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். “எல்லாரும் சுத்தி நின்னு வாயைப் பாத்தா நீங்க சாப்பிடுவீங்களா? வச்சுட்டு வெளிய போங்கம்மா. கதவைச் சாத்துங்க.”

அக்கா என்னைப் பார்த்தா. துஷி நிலத்தைப் பார்த்தாள்.

அன்று பின்னேரம், அக்கா கணவாயை உப்பில்லாமல், தூளில்லாமல் அவித்து மசித்தா. வாழையிலையில் ஒரு துண்டு வெட்டினா. டொக்டர் கிண்ணம் என்றுதான் சொன்னவர். யார் மறுத்துப் பேசுவது? கூட்டுக் கதவைத் திறந்துவிட்டு, ஆவி பறக்க இலையில் வைத்தா. ஜன்னல்களையெல்லாம் துஷி இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பூட்டினாள். வெளியே வந்தோம். அறைக் கதவைச் சாத்தினோம்.

நின்றோம்.

சுவரில் அதே செம்மஞ்சள். அதே செம்பு. கீழே ரயில் வந்து, வீட்டை ஒருக்கா நடுக்கிவிட்டுப் போனது. துஷியின் கை கதவுப் பிடியில் இருந்தது. அக்கா அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டா.

இலை அசைந்தது.

பிறகு அந்தச் சத்தம். ஈரமான, நிதானமான, அவசரமே இல்லாத சத்தம். இடைக்கிடை நிற்கும். நிற்கும்போது எங்கள் மூன்று பேரின் நெஞ்சும் நிற்கும். மீண்டும் தொடங்கும்.

இந்தத் தடவை ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

சத்தம் முழுதாக ஓய்ந்த பிறகும் அக்கா விடவில்லை. “பொறுங்கோ” என்றா. “ஆறுதலா எழும்பட்டும்.”

திறந்தபோது பூனை கூட்டுக்குள் போய்ச் சுருண்டு நித்திரை. இலை வழித்துத் துடைத்தது போல வெறுமை. அதுமட்டுமா? இலை நடுவால் மடிந்து கிடந்தது. கூட்டுப் பக்கமாக. நல்ல நாள் பந்தியில், வயிறு நிறைந்தவர் தன் பக்கம் மடித்துவிட்டு எழும்புவாரே, அப்படி.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன இலைத் துண்டு. காற்றில் மடியும். மடியாதா? மடியும் என்றே இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் அந்த ஃபேனின் கீழே பிறகு ஒரு பேப்பர்கூட அசைந்து நான் காணவில்லை.

அக்கா இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றவில்லை, அழவில்லை. “இனி நாளைக்கு ஐயரை வரச் சொல்லலாம்” என்றா. குசினிக்குள் போய் எங்களுக்குத் தேத்தண்ணி வைத்தா.

அந்தியேட்டி முகத்துவாரத்துக் கடற்கரையில் நடந்தது. துஷி திரும்பிப் போனாள். பூனை அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டது. டியூப் கழன்றது. கட்டுக் கழன்றது. கடைசியாகத் தாடைக் கம்பியும் கழன்றது. குட்டி போடாமல் இருக்க ஒரு ஒப்பரேசன் செய்துவிடலாம் என்று டொக்டர் கேட்டபோது, “செய்யுங்கோ, எங்களுக்கு ஒரு பிள்ளை காணும்” என்றா அக்கா. டொக்டருக்கு விளங்கவில்லை. நான் மீண்டும் நாய்ப் படத்தைப் பார்த்தேன்.

இதெல்லாம் முடிந்துதான் போன ஞாயிறு. மூன்றாம் மாடியில் பாண் பையோடு நின்ற நான், மணத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். கதவு திறந்திருந்தது. அக்கா குசினியில்.

“வாரும் தம்பி. நேரத்துக்குத்தான் வந்தனீர். ஒரு கிழமையா வாசலிலை நிண்டு கத்துது. போக வேணுமாம். டொக்டரும் காலெல்லாம் சரியெண்டிட்டா. பிடிச்சு வைச்சிருக்க நான் ஆர்?”

“அப்ப கணவாய்?”

“அது எனக்கு” என்றா. “இத்தினை நாளும் நானும் சாப்பிடேல்லை.”

கூடையில் வைத்துப் படியால் இறக்கினோம். துஷி வட்ஸ்அப்பில். “அம்மா, போனைக் கொஞ்சம் கீழை பிடியுங்கோ, எனக்கு உங்கடை நாடி மட்டும்தான் தெரியுது.” கனடாவில் இருட்டிவிட்டிருந்தது. அவள் குரல் மட்டும் வெயிலில் நின்றது.

பூனை இறங்கியது. தகரக் கூரையின் நிழலைத் தாண்டியது. ஒழுங்கைப் பக்கமாக நடந்தது. இடது முன்காலைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், இழுத்தது. டொக்டர் அது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்.

கேற்றடியில் நின்று திரும்பியது. எங்களைப் பார்க்கவில்லை. ஐந்தாம் மாடியை அண்ணாந்து பார்த்தது.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தனியாக அதற்குக் கிட்டப் போனா. குனிந்தா. ஒழுங்கையில் அந்த நேரம் வாகனம் ஒன்றும் இல்லாததால் எனக்குக் கேட்டது.

“இஞ்சாருங்கோ... பசிச்சாப் படியாலை வாங்கோ. பல்கனிக்கு வலை அடிச்சாச்சு.”